மணல்பானைப் பலாக்கொட்டை

எங்கள் வீட்டு ராச்சாப்பாட்டில் சோறும் குழம்பும் ஒரே அடுப்பில் வெந்ததில்லை. குழம்பு எங்கள் அடுப்பில் கொதிக்கும். சோறு அரசாங்கத்து அடுப்பில் வெந்து, ஆறி, பாதி விறைத்துப்போய் வீட்டுக்கு வந்து சேரும். அது முழுசாக விறைப்பதற்குள் குழம்பை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் அன்றாடக் கவலை.

மலாக்காவில் வெள்ளைக்காரர்கள் ஆண்ட அந்த ஆண்டுகளை அவசரகாலம் என்று பின்னால் புத்தகங்களில் எழுதினார்கள். அவசரம் என்றால் சட்டென்று முடிய வேண்டும். இது நான் தவழ்ந்த வயதில் தொடங்கி, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகுதான் முடிந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் அவர்களுக்கு அரிசி கொடுத்துவிடக்கூடாது என்று, புலாவ் செபாங் பக்கம் சிதறிக் கிடந்த எங்கள் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளையெல்லாம் காலி செய்து, ஆட்களை ஒரே இடத்தில் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். அப்புறமும் நம்பிக்கை வரவில்லை. அரிசியையே பிடுங்கிக்கொண்டார்கள். பொதுக் கொட்டகையில் அண்டா அண்டாவாகச் சோறு வேகும். சாயங்காலம் தலைக்கு இவ்வளவு என்று குவளையால் அளந்து போடுவார்கள். வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்குப் போகாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. வேகாத அரிசி ஒரு பிடி வீட்டில் இருந்தாலும் குற்றம்.

ஆறு மணிக்கு வேலிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். அம்மா பால்வெட்டு முடிந்து, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையிலிருந்து கைக்குழந்தையான தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேரும்போதே வெயில் சாய்ந்திருக்கும். குளித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, அடுப்பைப் பற்றவைத்தால், இருட்டுவதற்குள் கையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் என்ன கிடைக்கிறதோ அதுதான் குழம்பு. மழை தொடங்கினால் பால்மரத்தின் அடியில் காளான் முளைக்கும். ஓடை பெருகினால் கெண்டைப்பொடி அகப்படும். வெயில் காலத்தில் வேலியோரத்து முருங்கை. எந்த மாதத்தில் எது எங்கே கிடைக்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். சுங்கை ரம்பாயில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண்மணியிடம் பாக்குக்கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொதிக்கவைக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். காட்டு ஓரத்தில் நுனி சுருண்டு நிற்குமே, அந்தக் கீரை.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். அப்பாவும் சித்தப்பாவும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அப்பாவுக்கு அப்போது மீசை முளைக்காத வயது, சித்தப்பா இடுப்புக் குழந்தை. சித்தப்பாவிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், கப்பலில் யாரோ வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பார். அதுவும் அண்ணன் சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்கும். ஒரு தடவை மலாக்கா டவுனுக்குப் போய், துலுக்கர் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்தார். அதிலிருந்து தினமும் எங்களுக்குக் கடை நடத்த ஆரம்பித்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மா குழம்பை இறக்குகிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார்.

"வாங்க முதலாளி, உக்காருங்க. இன்னிக்கு ஸ்பெசல் காளான் பெரட்டல், சூடா இருக்கு. பாப்பாவுக்கு ஒரு பிளேட்டு, தம்பிக்கு அரை பிளேட்டு. பெரிய முதலாளிக்கு உப்பு கம்மியாத்தான் இருக்கும், மன்னிச்சுக்கணும்."

பாப்பா நான், தம்பி எனக்கு அடுத்தவன், பெரிய முதலாளி என்பது அப்பா. என்ன போட்டாலும் உப்பு கம்மி என்பது அவருடைய பழக்கம். தோட்டத்துத் தொரை முன்னால் முதுகு வளைந்து நிற்பவர், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மட்டும் நிமிர்ந்து உட்கார்வார்.

இனி பலாக்கொட்டைக்கு வருகிறேன். அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வேலிக்குள் வருவதற்கு முன்னால் நாங்கள் இருந்த பழைய லயத்தின் பின்னால் ஒரு பலாமரம் நின்றது. காய்க்கும் காலத்தில் எங்களுக்குச் சோறே வேண்டியிருக்காது. பிஞ்சு ஒரு கறி, முற்றின காய் ஒரு கறி, பழம் கைக்கு வந்தபடி. கொட்டையை மட்டும் அம்மா தின்ன விடமாட்டாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, செம்மண்ணில் புரட்டி எடுத்து, ஒரு பெரிய மண்பானையில் மணல் ஒரு வரிசை, கொட்டை ஒரு வரிசை என்று அடுக்கி, வாயைத் தகரத்தால் மூடி, வீட்டுக்குப் பின்னால் ஈரம் இருக்கிற நிழலாகப் பார்த்துக் கழுத்துவரை புதைத்துவைப்பாள். மாதக்கணக்கில் கெடாது. எங்கள் லயத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்தார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஊறுகாய் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது லாரி வந்து நின்றுவிட்டது. ஏற்றினது ஏறினது, விட்டது விட்டது. மணலும் கொட்டையுமாக அந்தப் பானையை இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பால்மரங்கள் இலை உதிர்க்கிற மாதங்கள் வந்தன. மரத்தில் பால் சுண்டிவிடும். வேலை பாதி நாள், சம்பளமும் பாதி. அந்த வருஷம் மழையும் தள்ளிப்போனது. காளான் இல்லை, ஓடையில் தண்ணீர் இல்லை, முருங்கையில் கம்பளிப்பூச்சி. ரேஷனில் கொடுத்த கருவாடு ஒரே நாளில் தீர்ந்துபோகும். அரசாங்கத்துச் சோற்றில் வெறும் புளித்தண்ணீரை ஊற்றிப் பிசைந்து தின்றோம். அதைத் தின்னமாட்டேன் என்று தம்பி தட்டைத் தள்ளிவிட்ட அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் பானை ஞாபகம் வந்தது.

சித்தப்பா பால் வெட்டுகிற மர நிரை பழைய லயத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"தம்பி, நீ அந்தப் பக்கந்தானே போற. வேல முடிஞ்சு வரையில ரெண்டு கை அள்ளிட்டு வந்துரு" என்று அவரிடம் சொன்னாள் அம்மா.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வெளிய கொண்டு போனாத்தானேங்க தப்பு? உள்ள கொண்டாறதுக்கு யாரு என்ன கேக்கப் போறா?"

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. காலையில் வேலிக்கதவைத் தாண்டும்போது வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு துண்டுக் கிழங்கு இருந்தாலும் பிடுங்கி எறிவார்கள். திரும்பி வரும்போது யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உணவு உள்ளே வந்தால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்? உணவு வேலிக்கு வெளியே இருப்பதே குற்றம் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. அவள் அதைப் புதைத்தபோது அங்கே வேலி என்று ஒன்று இல்லை. தன் வீட்டுப் பின்பக்கம் எப்படி ஒரே நாளில் வெளியே ஆகும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

மறுநாள் சித்தப்பா இடுப்புத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பலாக்கொட்டையும் ஒற்றைக் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. அடுத்த நாள் அவித்து நசுக்கி, காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டல். பிறகு பாக்குக்கீரையோடு தேங்காய்ப்பாலில். ஒருநாள் எதுவுமே இல்லாதபோது தணலில் சுட்டு, உப்பைத் தொட்டுக்கொண்டு. பலாக்கொட்டைக்கு ஒரு நல்ல குணம், சீக்கிரம் வெந்துவிடும். இன்னொரு நல்ல குணம், வயிற்றில் போய் நின்றுகொள்ளும். ராத்திரி பசித்து விழிக்க வேண்டியதில்லை. சித்தப்பாவின் கடையில் வியாபாரம் மறுபடி சூடுபிடித்தது.

"முதலாளி, இன்னிக்கு நம்ம கடையில கொட்டதான் மட்டன். நல்லா மென்னு தின்னுங்கலா, எலும்பு இல்ல."

வம்பு எதற்கு என்று கேட்ட அப்பாதான் முதலில் தட்டை நீட்டினார். அம்மாவும் அதைப் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் சித்தப்பா கொண்டுவந்த கொட்டைகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. தகரம் விலகிப் பனி ஈரம் இறங்கியிருக்க வேண்டும். முளைவிட்டால் கசந்துபோகும், சீக்கிரம் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடு என்றாள் அம்மா. அன்று அவர் பால் வாளியின் அடியிலேயே போட்டு நிறையக் கொண்டுவந்தார். முறத்தில் கொட்டினால் முறம் கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கிறது அண்ணி, நாளைக்கு வழித்து எடுத்து வந்துவிடுகிறேன் என்றார்.

அந்த நாளைக்கு அவர் திரும்பி வரவில்லை.

நடந்ததை நான் பெரியவளான பிறகு துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். ரோந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் பழைய லயத்தின் பின்னால் புதிதாக மண் தோண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். காலடித் தடமும் இருந்தது. தகரத்தைத் தூக்கினால் உள்ளே மணல், மணலுக்குள் உணவு. காட்டு ஆட்களுக்கு உணவு புதைத்துவைக்கிற இடங்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்த பாடத்தில் அது அப்படியே பொருந்தியது. எதையும் கலைக்காமல் புதரில் பதுங்கிக் காத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்து சித்தப்பா குனிந்து பானைக்குள் கையை விட்டதும் பிடித்துக்கொண்டார்கள். சுடாமல் பிடித்ததே பெரிய தயவு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு எதையாவது தயவு என்று சொல்லிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது.

கொட்டை எங்கள் அண்ணியுடையது, ராத்திரிக் குழம்புக்கு எடுக்கிறேன் என்று அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். சரி, நாளைக் காலையில் உன் அண்ணியிடமே கேட்கிறோம் என்று ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள்.

இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. அடுத்த வீட்டு அக்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனது தெரியும். அப்பா வழக்கத்துக்கு மாறாக வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தது தெரியும். இருவரும் அடுப்பைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நானே போயி என்னுதுன்னு சொல்லிர்றேங்க" என்றாள் அம்மா.

"பச்சப்புள்ளய யாருகிட்ட விட்டுட்டுப் போவ? சும்மா இரு. அவன் ஒண்டிக்கட்ட. ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்டுருவாங்க."

"விடலைன்னா?"

அப்பா முறத்தைப் பார்த்தார். "அது எல்லாத்தையும் ஆக்கிரு. ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது."

எனக்குக் காதில் விழுந்ததில் கடைசி வரி மட்டும்தான் மனதில் பதிந்தது. எல்லாத்தையும் ஆக்கிரு. அந்த வீட்டில் நான் அதற்கு முன் கேட்டிராத வார்த்தை.

அன்றைக்கு அம்மா சமைத்ததுபோல் பிறகு ஒருநாளும் சமைக்கவில்லை. பாதியைக் குழம்பில் போட்டாள். பாதியை அவித்து, வீட்டில் மீதியிருந்த எண்ணெயையெல்லாம் ஊற்றிப் பிரட்டினாள். உரித்த தோலை ஒன்று விடாமல் அடுப்பில் போட்டு எரித்தாள். தரையில் உதிர்ந்திருந்த செம்மண்ணைக்கூட ஈரத்துணியால் துடைத்தாள். அப்பா பொதுக் கொட்டகைக்குப் போய் எங்கள் பங்குச் சோற்றை வாங்கிவந்தார். சித்தப்பாவின் பங்கையும் வாங்கிவந்திருந்தார். அவர் வரவில்லை என்று அங்கே சொன்னால் ஏன் என்று கேள்வி வருமே. அந்தச் சோற்றையும் எங்கள் தட்டுகளிலேயே பிரித்துப் போட்டார்.

"சித்தப்பாவுக்கு?" என்று தம்பி கேட்டான்.

"சித்தப்பா டவுனுக்குப் போயிருக்காரு. அங்க கடையில சாப்பிட்டுக்குவாரு" என்றார் அப்பா.

எங்களுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. கொடுத்துவைத்தவர், பரோட்டா தின்றுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று தம்பி கையால் தட்டை மறைத்தால் கையை விலக்கிவிட்டுப் போட்டாள். தின்னு, தின்னு என்றாள். என் வாழ்க்கையில் வயிறு முட்டச் சாப்பிட்ட முதல் ராத்திரி அது. பானையைச் சாய்த்து வழிக்கிற சத்தம் கேட்டபோதுதான் அம்மா இன்னும் சாப்பிடவில்லை என்று கவனித்தேன். அவளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. அப்பா உப்பு கம்மி என்று சொல்லவில்லை.

காலையில் அவர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள், மொழிபெயர்க்க ஒரு தமிழர். தமிழருக்குக் காலில் பளபளப்பான சப்பாத்து, தலையில் எண்ணெய் மினுமினுப்பு. அவர்களுக்கு நடுவில் சித்தப்பா. கையில் விலங்கு. முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. டவுனில் கீழே விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம், இனி அண்ணி சொல்லிவிடுவாள் என்ற தெம்பு அது.

போலீஸ்காரர்கள் வீட்டைக் கவிழ்த்தார்கள். சட்டிகளை முகர்ந்து பார்த்தார்கள். சாம்பலைக் கிளறினார்கள். அம்மா எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"பழைய லயத்துல ஒரு பானை பலாக்கொட்டை பொதைச்சு வச்சிருக்கு. உங்களுதுதான்னு இவன் சொல்றான். உண்மையாம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். ஆனால் வந்தது அப்பாவின் குரல்.

"எங்க வீட்டுல பலாக்கொட்டையே ஆக்குறதில்லீங்க ஐயா. இப்ப பலாப்பழ காலமும் இல்லையே. எங்களுக்கு எப்படிக் கெடைக்கும்?"

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். அவருக்கு அது சரியாகப் பட்டது. காலமில்லாத காலத்தில் பலாக்கொட்டை ஒரு குடும்பத்தின் ராத்திரிக் குழம்பில் எப்படி இருக்கும்? சேமித்துப் புதைத்த ஆள் ஏதோ பெரிய காரியத்துக்காகத்தானே புதைத்திருக்க வேண்டும்?

அந்த நேரத்தில்தான் தம்பி சத்தமாகக் காற்றை விட்டான். பலாக்கொட்டையின் மூன்றாவது குணத்தை நான் இன்னும் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கச்சேரிதான். அப்பா வாயால் சொன்ன பொய்யைத் தம்பி அவனுக்குத் தெரிந்த வழியில் மறுத்தான். நான் சிரித்துவிட்டேன். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் நகரவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தேய்த்துக் கவிழ்த்த சட்டிகளைப் பார்த்தார். அவரும் தமிழ் வீட்டில் பிறந்தவர். மணலில் பலாக்கொட்டை வைப்பதை அவர் வீட்டிலும் யாராவது செய்திருப்பார்கள். இது எங்கள் பெண்கள் வழக்கமாகச் செய்வது என்று அந்த வெள்ளைக்காரரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவருக்கு என்ன பயமோ, அதுவும் எனக்குத் தெரியாது. கடனுக்கு இன்னொரு கேள்வி கேட்டு வேலையை முடித்துக்கொள்ளப் பார்த்தார். என் முன்னால் குந்தினார்.

"பாப்பா, நீ சொல்லு. நேத்து சாயங்காலம் உங்க வீட்டுல என்ன சாப்பாடு?"

இவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் கேள்வி கேட்டது எனக்குப் பெருமையாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்ததுபோல் நல்ல பதில் தோட்டத்திலேயே யாரிடமும் இருந்திருக்காது. குழம்பு, பிரட்டல், இரண்டு பங்கு சோறு. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். அம்மாவின் கை என் பிடரியில் வந்து விழுந்தது. அழுத்தவில்லை, தள்ளவும் இல்லை. அப்படியே இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"பாப்பாவ விடுங்க சார்" என்றார் சித்தப்பா. "நான் சொன்னது பொய். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பானை என்னுது. காட்டு ஆளுங்களுக்குத்தான் வச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, அதை மட்டும் மிகச் சரியாக இங்கிலீஷில் சொன்னார்.

கொஞ்ச காலம் சிறையில் வைத்திருந்துவிட்டு அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். இடுப்பில் வந்தவர், தூக்கிக்கொண்டு போக இடுப்பு இல்லாமல் அந்த ஊருக்குத் திரும்பிப் போனார். அங்கே அவருக்கு யாரைத் தெரியும், எங்கே போய்ச் சாப்பிட்டிருப்பார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா விசாரித்தாரா என்பதும் தெரியவில்லை. அம்மா இங்கேயே பிறந்தவள், உண்மையைச் சொல்லியிருந்தால் சில மாதம் சிறையோடு போயிருக்கும், அவளைக் கப்பலேற்றியிருக்க முடியாது என்று பல வருஷம் கழித்து ஒரு வக்கீல் பேச்சுவாக்கில் சொன்னார். கப்பலேற்றக்கூடியவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர்தான். ஒருவர் போனார். இன்னொருவர் தன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டு, எழுபது வயதுவரை எங்களோடு இருந்து, உப்பு கம்மி என்று சொல்லிச் சொல்லிச் செத்தார். அவருக்குக் கொள்ளிக்குடம்வரை எல்லாம் முறையாக நடக்க நான் பார்த்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை. பயந்தவரைத் திட்டலாம். பிள்ளைகளுக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொண்டவரை என்ன செய்வது? அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

இப்போது மலாக்காவில் பாச்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். பசாரில் பலாக்கொட்டையைக் கழுவிப் பொட்டலம் போட்டே விற்கிறார்கள். அந்தந்தக் காலத்தில் விளைவதை வாங்கினால் உடம்புக்கும் நல்லது, வேலை விட்டு வந்து சீக்கிரம் சமைத்துவிடலாம் என்று மருமகள் வாங்கிவருகிறாள். நல்ல பெண். அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்கு எனக்குப் பசியில்லை என்று படுத்துக்கொள்வேன்.

ஆனால் அன்று காலையில் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வாயைத் திறந்த நேரத்தில் சித்தப்பா குறுக்கே பேசிவிட்டார் என்பதுதான். இத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் கிடைத்த வாய்ப்பைப் பிடுங்கிக்கொண்டார். முதல்நாள் எங்களை விட்டுவிட்டுத் தனியாக டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு எங்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவும் விடமாட்டேன் என்கிறார். வேலிக்கதவுப் பக்கம் ஜீப்பில் ஏற்றும்போது அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜீப் போனதும் அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். "அந்த ஐயா என்னத்தானே கேட்டாரு? சித்தப்பா என்னைச் சொல்லவே விடல."

அம்மா தங்கச்சியைக் கீழே இறக்கிவிட்டு என்னை அடித்தாள். முதுகிலும் தோளிலும், கை ஓயும்வரை அடித்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அடி வாங்கினது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.